குழந்தை இல்லாமல் வண்டலூர் ஜூ: கூட்ட நாளில் போகும் பெரியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஒரு எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. முப்பது, நாற்பது வயதில் நண்பர்களாகச் சேர்ந்து போகலாம் என்று சொன்னால் "அங்கே நமக்கு என்ன வேலை?" என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. குழந்தையோடு போனால் பால், பஞ்சுமிட்டாய், கழிப்பறை என்றே பாதி நாள் போய்விடும். பெரியவர்கள் மட்டும் போனால்தான் ஒரு விலங்கின் முன்னால் கால் மணி நேரம் சும்மா நின்று பார்க்க முடியும். அப்படி நின்று பார்த்தால் மனசுவிட்டுச் சிரிக்க அங்கே நிறைய இருக்கிறது.

பிரச்சினை கூட்டம்தான். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைப்பது ஞாயிறும் பண்டிகை விடுமுறையும். ஊருக்கும் அதே நாட்கள்தான். அலுவலக நண்பர்களோடு பொங்கல் விடுமுறையில் போனபோது காலைப் பொழுது முழுவதும் வரிசையிலேயே போனது. பேட்டரி கார் கிடைக்கவில்லை, புலியைப் பார்க்கப் போனபோது அது தூங்கிவிட்டது, சாப்பாட்டுக்கு அலைந்தோம். அதற்குப் பிறகு பலமுறை போய்வந்ததில் கூட்ட நாளையும் நல்ல நாளாக மாற்றும் வழி பிடிபட்டது. முதல்முறை போகிறவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் நாளைப் பாருங்கள்

செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஒவ்வொரு செவ்வாயும் வாசல் வரை வந்து திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மற்ற நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை.

ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் புதன் அல்லது வியாழன் போங்கள். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரும், ஆனால் அவை கூட்டமாக வந்து கூட்டமாகப் போய்விடும். ஞாயிறுதான் முடியும் என்றால் 9 மணிக்கு வாசலில் நிற்பதுபோல் திட்டமிடுங்கள். ஞாயிறு 11 மணிக்குப் போகிறவருக்கும் 9 மணிக்குப் போகிறவருக்கும் கிடைப்பது ஒரே பூங்கா அல்ல.

காணும் பொங்கல், அதாவது தை மூன்றாம் நாள், தனிக் கணக்கு. அன்று சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் எல்லாம் கட்டுச்சோற்றோடு கிளம்பி மெரினாவுக்கும் மாமல்லபுரத்துக்கும் வண்டலூருக்கும்தான் வரும். ஆயிரக்கணக்கில் ஆட்கள், கூடுதல் கவுண்டர்கள், போலீஸ், தொலைந்துபோகாமல் இருக்கக் குழந்தைகள் கையில் அப்பாவின் போன் நம்பர். விலங்கு பார்க்க வேண்டும் என்றால் அன்று போகாதீர்கள். மனிதர்களைப் பார்க்க வேண்டும், அந்தத் திருவிழாவில் கலந்து நடக்க வேண்டும் என்றால் அதைவிட நல்ல நாள் கிடையாது. இரண்டில் எது வேண்டும் என்று குழுவில் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பாதிப் பேர் புலிக்கும் பாதிப் பேர் வேடிக்கைக்கும் வந்தால் மதியத்துக்குள் சண்டை வந்துவிடும்.

மாதம் என்று பார்த்தால் நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்லது. மே மாதம் வேண்டவே வேண்டாம். விலங்குகளே நிழலை விட்டு வெளியே வராது.

2. போய்ச் சேருவது

கூட்ட நாளில் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும். அப்புறம் பார்க்கிங் தேட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்.

புறநகர் ரயில்தான் சரி. சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு போகும் ரயில் வண்டலூரில் நிற்கும். எழும்பூரிலிருந்து ஒருவருக்கு 10 ரூபாய், தாம்பரத்திலிருந்து 5 ரூபாய். நிலையத்திலிருந்து பூங்கா நடை தூரம்தான். இதில் ஒரு பொறி உண்டு. கடற்கரையில் அடுத்தடுத்து வருவதில் பல ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும், செங்கல்பட்டு ரயில்கள் இடைவெளி விட்டுத்தான் வரும். முதல் நாளே நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் ரயிலில் ஏறிவிட்டாலும் பரவாயில்லை, அங்கே இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டுப் பக்கம் போகும் மாநகரப் பேருந்தில் ஏறலாம். மெட்ரோவில் வருபவர்கள் கிண்டியில் இறங்கிப் புறநகர் ரயிலுக்கு மாறுவது எளிது.

வெளியூரிலிருந்து வரும் நண்பர்களுக்கு இன்னும் வசதி. தென் மாவட்டப் பேருந்துகள் வந்து நிற்கும் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பூங்காவுக்குப் பக்கத்தில்தான். காலையில் வந்து இறங்கி, அங்கேயே முகம் கழுவி, காபி குடித்துவிட்டு நேராக வந்துவிடலாம்.

3. டிக்கெட்டை வீட்டிலேயே எடுங்கள்

பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 200 ரூபாய். 2023-இல் 115-இலிருந்து இப்படி உயர்த்தினார்கள். பேட்டரி கார் தனியாக 150, சஃபாரி தனியாக 150. வீடியோ கேமரா கொண்டுபோனால் 750. போனில் எடுக்கிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். போகும் முன் பூங்காவின் சொந்த இணையதளத்தில் கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்து, அங்கேயே டிக்கெட்டும் எடுத்துவிடுங்கள்.

இணையத்தில் எடுத்தும் வாசலில் மாட்டிக்கொள்ளும் குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் எப்போதும் ஒன்றுதான். பத்துப் பேருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவர் இன்னும் பல்லாவரத்தில் இருப்பார். ஒன்பது பேர் வெயிலில் நின்று அவருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். எனவே டிக்கெட் வந்ததும் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனிலேயே சேமித்து வையுங்கள். கூட்டம் கூடினால் வாசலில் நெட் இழுக்கும்.

அசல் அடையாள அட்டை ஒன்று, கொஞ்சம் ரொக்கம், இரண்டும் குழுவில் ஒருவரிடமாவது இருக்கட்டும். சைக்கிள் வாடகை, சலுகை என்று எது கேட்டாலும் அட்டை கேட்பார்கள். ஜிபே வேலை செய்யாத நேரத்தில் ரொக்கம் காப்பாற்றும். மாற்றுத்திறனாளி நண்பர் வந்தால் அவருடைய அட்டை நகல் போதாது, அசலை எடுத்துவரச் சொல்லுங்கள்.

சஃபாரி எப்போதும் ஓடும் என்று நம்பி வராதீர்கள். உள்ளே போவதற்கு முன்பே "இன்றைக்கு சஃபாரி உண்டா?" என்று கவுண்டரில் கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்குத் தள்ளினால் வரிசை உங்களை விழுங்கிவிடும்.

4. பை

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் உள்ளே போகாது. பாலிதீன் பை, சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை எல்லாம் இதில் சேரும். இந்த இடத்தில் வாக்குவாதம் செய்து நேரத்தை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம். காவலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காற்றில் பறந்து அகழிக்குள் விழும் உறையை மான் தின்றுவிட்டால் அதன் வயிற்றிலிருந்து எடுப்பது யார்?

எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், தொப்பி, துணிப்பை, நன்றாகப் பழகிய செருப்பு. இது போதும். புது ஷூ போட்டு வருகிறவர் இரண்டு மணிக்கு மேல் எந்த விலங்கையும் பார்க்க மாட்டார், பெஞ்சைத்தான் பார்ப்பார். சிகரெட், மது எதுவும் வேண்டாம். பெரியவர்கள் மட்டும் உள்ள குழு என்றால் காவலர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள்.

தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். கூண்டுக்கு வெளியே, வண்டலூர் காட்டின் நாட்டுக் குரங்குகள் தாராளமாகத் திரிகின்றன. நல்ல சட்டை போட்ட ஒரு பெரியவர் பொரிப் பொட்டலத்தைப் பிரித்து முதல் கை அள்ளுவதற்குள், பின்னாலிருந்து ஒரு குரங்கு வந்து பொட்டலத்தை மட்டும் அழகாக உருவிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அவர் கையில் அந்த முதல் பிடி மட்டும் இருந்தது. சுற்றி நின்றவர்களோடு சேர்ந்து அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். அப்படிச் சிரித்துவிட்டு விடுவதுதான் சரி. பிடுங்கப் போகாதீர்கள், முறைக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். நேராக முறைப்பதைக் குரங்கு சண்டைக்கு அழைப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

5. நடையா, சைக்கிளா, பேட்டரி காரா

பூங்காவின் மொத்தப் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். அதில் நாம் சுற்றும் பகுதியே ஒரு நாளுக்கு அதிகம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை.

முழங்கால் வலி உள்ளவர்கள், வயதானவர்கள் இருந்தால் பேட்டரி கார் தேவை. ஆனால் அது அதன் நேரத்துக்குப் போகும், குறிப்பிட்ட இடங்களில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். நீர்யானை வாய் திறக்கப் போகிறது என்று நீங்கள் நின்றால் வண்டி நிற்காது. கூட்ட நாளில் இதற்கான வரிசையும் பெரிது, எனவே 9 மணிக்கு உள்ளே நுழைந்ததும் நேராக அங்கே போங்கள். முன் சீட்டுக்கு நரைத்த தலைகள் ஓடி வருவதை அங்கே பார்க்கலாம். வங்கியில் மேலாளராக இருப்பார், வீட்டில் பேரன் இருப்பான், ஆனால் பேட்டரி காரின் முன் சீட்டு என்றால் பத்து வயதுப் பையனாகிவிடுவார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

நாற்பதுக்குள் இருக்கும் குழுவுக்கு நான் சொல்வது நடை. அல்லது வாடகை சைக்கிள். சைக்கிள் எடுத்தால் பிரேக்கையும் டயரில் காற்றையும் கவுண்டர் முன்னாலேயே சோதியுங்கள். கூட்ட நாளில் 10 மணிக்கு மேல் சைக்கிளில் ஏறுவதைவிட அதைத் தள்ளிக்கொண்டு நடப்பதுதான் அதிகமாக இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. எதை எப்போது பார்ப்பது

நுழைந்ததும் முதலில் வரும் கூண்டுகளில்தான் எல்லாரும் தேங்குவார்கள். இன்னும் களைப்பு இல்லை, போனில் சார்ஜ் இருக்கிறது, ஒவ்வொரு பறவையோடும் செல்ஃபி எடுப்பார்கள். அந்த நெரிசலில் நிற்காமல் தாண்டிப் போங்கள். நுழைவாயிலில் இருக்கும் வரைபடத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, தொலைவில் இருக்கும் பெரிய விலங்குகளிலிருந்து தொடங்குங்கள். கூட்டம் அங்கே வந்து சேருவதற்குள் நீங்கள் பார்த்து முடித்திருப்பீர்கள். முன்பகுதியை மாலையில் திரும்பும்போது பார்க்கலாம், அப்போது அங்கே ஈ காக்கை இருக்காது.

புலி, வெள்ளைப் புலி, சிங்கம் எல்லாம் காலையில்தான். வெயில் ஏறினால் படுத்துவிடும். சிங்கம் ஒரு நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கிற விலங்கு. மதியம் போய் "எழுந்திருக்க மாட்டேங்குது" என்று குறைப்பட்டுப் பயனில்லை. ஒரு கல்லூரி இளைஞர் கூட்டம் சிங்கத்தை எழுப்ப மாறி மாறிக் கர்ஜித்துப் பார்த்தது. அது ஒரே ஒரு காதை மட்டும் லேசாகத் திருப்பியது. பக்கத்தில் நின்ற பாட்டி, "அதுக்கு வேலை இல்லையா என்ன, உங்களுக்குப் பதில் சொல்ல?" என்றார். கூட்டம் மொத்தமும் பாட்டி பக்கம் சேர்ந்துகொண்டது.

நீர்யானைக்கு நேரம் ஒதுக்குங்கள். எனக்குத் தெரிந்து பெரியவர்களை அதிகம் சிரிக்க வைக்கும் விலங்கு அதுதான். தண்ணீருக்கு மேல் இரண்டு காது, இரண்டு கண், இரண்டு மூக்குத் துளை, அவ்வளவுதான் தெரியும். முழுகினால் ஐந்து நிமிடம்கூட மேலே வராமல் இருக்கும், அதனால் குளம் காலி என்று நினைத்துக் கூட்டம் நகர்ந்துவிடும். நீங்கள் நகராதீர்கள். முதலில் தண்ணீரில் ஒரு வளையம் தெரியும், அப்புறம் மூக்குத் துளைகள் இரண்டும் கதவு திறப்பதுபோல் திறக்கும், "புஸ்" என்று நீர் தெறிக்கும், காதுகள் இரண்டும் விசிறி மாதிரிச் சுழன்று தண்ணீரை உதறும். அது வாயைப் பிளந்தால் கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். "பாவம், தூக்கம் வருது" என்பார்கள். உண்மையில் அது பெரும்பாலும் பல்லைக் காட்டி எச்சரிப்பது. ஒரே ஒரு எச்சரிக்கை நானும் தருகிறேன்: கரையில் நிற்கும் நீர்யானை உங்களுக்கு முதுகைக் காட்டி வாலைப் படபடவென்று ஆட்டத் தொடங்கினால் இரண்டடி பின்னால் போங்கள். சாணத்தை நாலா பக்கமும் விசிறுவதுதான் அதன் வழக்கம்.

வெயில் உச்சியில் இருக்கும்போது இரவு விலங்குகள் இல்லத்துக்குப் போங்கள். உள்ளே இருட்டு. நுழைந்ததும் "ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லி, போன் டார்ச்சை அடித்து, அரை நிமிடத்தில் வெளியே வருகிறவர்கள்தான் பெரும்பாலும். டார்ச்சை அடித்தால் விலங்கும் ஒளிந்துகொள்ளும், உங்கள் கண்ணும் இருட்டுக்குப் பழகாது. ஓரமாக ஐந்து நிமிடம் நில்லுங்கள். மெல்ல மெல்ல ஒரு வால், ஒரு முதுகு, ஒரு நடை தெரியத் தொடங்கும்.

முதலைகளையும் அதே வெயிலில் பார்க்கலாம். வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும், உடம்புச் சூட்டைத் தணிப்பதற்காக. "பொம்மை" என்று பந்தயம் கட்டுகிறவர்கள் தினமும் உண்டு. பந்தயத்தில் சேராதீர்கள், கண்டிப்பாகத் தோற்பீர்கள்.

சிங்கவால் குரங்கை மாலைக்கு வையுங்கள். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறு எங்கும் காட்டில் கிடையாத குரங்கு அது. தின்பதையெல்லாம் கன்னப் பையில் அடக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் உப்பிய முகத்தோடு, வெள்ளைப் பிடரியும் கறுத்த முகமுமாக உட்கார்ந்திருக்கும். எங்கள் குழுவில் ஒருவர் அதைப் பார்த்து நீண்ட நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "எங்க தாத்தா வெத்தல போட்டா இப்படித்தான் உக்காந்திருப்பாரு" என்றார். அடுத்த கூண்டுக்குப் போக அவரை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஓட்டேரி ஏரிக்கரையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மழை நன்றாகப் பெய்த வருடத்தின் டிசம்பர், ஜனவரியில் அங்கே வருகிற பறவைகளுக்கு வேலியும் கிடையாது, முன்னால் கூட்டமும் கிடையாது.

7. இதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள்

கல் எறிவது, கத்துவது, தீனி போடுவது. இதில் குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் மோசம் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். நண்பர்கள் முன்னால் வீரம் காட்டும் ஆசை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 38ஜே பிரிவு விலங்குகளைச் சீண்டுவதையும் அவற்றுக்குத் தீனி போடுவதையும் குப்பை போடுவதையும் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. சட்டத்தை விடுங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்து ஆயிரம் பேர் வாசலில் நின்று கத்தினால் எப்படி இருக்கும்?

யாராவது கல் எடுத்தால் சண்டைக்குப் போகாமல் அருகிலுள்ள பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள். அவர்களிடம் மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தால் இன்னொரு லாபமும் உண்டு. எந்தக் குட்டி எப்போது பிறந்தது, எந்தக் குரங்குக்கும் எந்தக் குரங்குக்கும் ஆகாது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள். "அண்ணே, இது ஏன் தனியா இருக்கு?" என்று ஒரு கேள்வி போதும். பலகையில் எழுதியிருப்பதைவிட நல்ல கதை கிடைக்கும்.

8. சாப்பாடும் திரும்புவதும்

காலையில் வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தாம்பரத்தில் இறங்கினால் எட்டு மணிக்கெல்லாம் இட்லி, பொங்கல் கிடைக்கும். உள்ளே உணவகம் இருக்கிறது, ஆனால் கூட்ட நாளில் ஒரு மணிக்கு அங்கே நிற்பது நரகம். பதினொன்றரைக்குச் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டரைக்கு. கழிப்பறை கண்ணில் பட்டால், அவசரம் இல்லாவிட்டாலும் போய்விட்டு வந்துவிடுங்கள். அடுத்தது எத்தனை தூரத்தில் வரும் என்பது நடந்து பார்த்தால்தான் தெரியும்.

செலவு என்று பார்த்தால் நுழைவு 200, ரயில் போகவர 20, சாப்பாட்டுக்கு உங்கள் பசியைப் பொறுத்து. பேட்டரி காரும் சஃபாரியும் சேர்த்தால் இன்னும் 300. நடக்கிற குழு சஃபாரி இல்லாமல் 500 ரூபாய்க்குள் ஒரு முழு நாளை முடித்துவிடலாம். சென்னையில் ஒரு மால் சினிமாவுக்கும் பாப்கார்னுக்கும் அதைவிட அதிகம் ஆகும்.

5 மணி வரை உள்ளே இருந்தால் மொத்தக் கூட்டத்தோடும் சேர்ந்து வாசலில் நசுங்குவீர்கள். நாலரைக்கு வாசலை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். குழுவில் யாராவது பின்தங்கினால் தேடி அலைய வேண்டாம், எங்கே சந்திப்பது என்று காலையிலேயே ஓர் இடம் குறித்து வையுங்கள். "பெரிய மரத்தடி" என்று சொல்லாதீர்கள், அங்கே எல்லாம் பெரிய மரம்தான். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும்போது எல்லோரும் சேர்ந்து கடங்கள். திரும்பும் ரயில் டிக்கெட்டைப் போனில் எடுப்பதானால் நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தண்டவாளத்துக்கு மிக அருகில் போய்விட்டால் செயலி டிக்கெட் தராது. கவுண்டர் வரிசையில் அன்றைக்கு உங்களுக்கு முன்னால் பாதிப் பூங்காவும் நிற்கும்.